முந்திரி ஆகாத மாப்பிள்ளையின் மருத்துவச் சொல் விளக்கம்

மண்ணுக்கு மணமும், மரத்துக்குப் பூவும், மனிதருக்கு மானமும் தந்து, இந்த முந்திரிக்காட்டை முன்னின்று காக்கின்ற முத்துமாரித் தாயின் பொன்னடிகளை முதற்கண் வணங்குகிறேன். இந்தப் பூச்சொரிதல் விழா மேடைக்குத் தலைமை தாங்கி, கழுத்திலே முந்திரி மாலையோடும் முகத்திலே முறைப்போடும் வீற்றிருக்கின்ற பெரிய தோப்புக்காரர், எனக்குப் பெண் கொடுத்த பெருந்தகை, என் மாமனார் ரெங்கசாமி அவர்களே. வெற்றிலை மென்றபடி என்னை எடை போட்டுக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியோர்களே. பிள்ளையை மடியிலும் பேச்சைச் செவியிலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே. துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் லீவில் வந்து, இன்றைக்கே ஃபிளைட் என்பதுபோல் நின்றுகொண்டே கேட்கும் அண்ணன் தம்பிமார்களே. முன்வரிசையில் இருந்தும் என் கண்ணில் படாமல் குனிந்திருக்கும் என் மாமியார், அழகம்மாள் அத்தை அவர்களே. "சுருக்கமாப் பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போன என் மனைவி ராஜலட்சுமியே. மக்கர் செய்த ஜெனரேட்டரோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டி, மசகுக் கையை இப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும் மைக் செட் ஜெரால்டு அவர்களே. உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு கனிந்த, ஆசை நிறைந்த, அச்சமும் கொஞ்சம் கலந்த வணக்கம்.

அச்சம் ஏன் என்று கேட்பீர்கள். சற்று முன்பு விழாக்குழுவினர் எனக்கு மரியாதை செய்ய ஒரு மாலை கொண்டுவந்தார்கள். தலைவருக்குப் போட்ட அதே மாலை. முழுப்பருப்பாகப் பொறுக்கி, பட்டு நூலில் கோத்து, நடுவிலே ஜிகினா வைத்த முந்திரி மாலை. பாசத்தோடுதான் கொண்டுவந்தார்கள். நானும் பாசத்தோடுதான் மேடையின் அந்த ஓரத்துக்கு ஓடினேன். முந்திரிப் பருப்பு பட்டாலே ஆகாத ஒரு மனிதனைக் கூப்பிட்டு, அவன் கழுத்திலேயே அதைக் கட்டி மரியாதை செய்ய இந்த உலகத்திலே நம் ஊரைத் தவிர வேறு எந்த ஊருக்கு மனது வரும்? அந்த மாலை இப்போது அம்மன் படத்தில் இருக்கிறது. அம்மனுக்கு ஒன்றும் ஆகாது. நான் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் மைக்கோடு ஒட்டி நிற்பதை யாரும் குடும்பத் தகராறு என்று நினைக்க வேண்டாம். தகராறு எனக்கும் மாலைக்கும்தான்.

இளைஞர் மன்றத்தார் எனக்குத் தந்த தலைப்பு, "மருத்துவச் சொற்கள்: பொருள் அறிவோம்." நானோ கீரனூரில் பஸ் ஏறித் திருச்சியில் இறங்கி, கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். டாக்டர் அல்ல. ஆனாலும் நான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அதிலே சுயநலம் இருக்கிறது. நாளைக் காலையில் இதே கோயிலில் என் மகள் பிரகதீஸ்வரிக்குக் காதுகுத்து. ஊர் முழுக்க வருகிறீர்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து, காது குத்தி, அந்த வருசம் தோப்பில் விழுந்த முதல் பருப்பைத் தாய்மாமன் அதன் வாயில் வைக்கவேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். என்னைப் போலவே என் மகளுக்கும் முந்திரி ஆகாது. மாமாவிடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். அத்தையிடம் சொன்னேன். "சாமி காரியம், ஒண்ணும் ஆகாது மாப்ள" என்றார்கள். வீட்டிலே எடுபடாத வழக்கை ஊரிலே வைக்க வந்திருக்கிறேன்.

என்ன அங்கிட்டு சிரிப்பு? சிரிங்க, சிரிங்க. கடைசியிலே கேட்கிறேன்.

சொற்களுக்கு வருவோம். முதல் சொல், இம்யூனிட்டி. தமிழிலே நோய் எதிர்ப்பாற்றல். இந்தச் சொல்லை நாம் படுத்துகிற பாடு கொஞ்சமா? டப்பாவில் விற்கிற பவுடருக்கு இம்யூனிட்டி என்று பெயர். பாக்கெட்டில் வருகிற பிஸ்கட்டுக்கு இம்யூனிட்டி என்று பெயர். போன வாரம் பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் இம்யூனிட்டி பனியன் பார்த்தேன். ஐயா, அது கடையில் கிடைக்கிற சரக்கல்ல. தாயின் வயிற்றிலிருந்தே நம்மோடு வருகிற காவல்.

தோப்பு வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்குவது எளிது. உடம்பு ஒரு தோப்பு. வேலி உண்டா? உண்டு, அது தோல். காவல்காரர் உண்டா? உண்டு, ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள். கள்ளன் உண்டா? ஊருக்கு ஊர் உண்டு. உடம்புக்கு அவன் பெயர் கிருமி. கிருமி உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தினால் அதற்குப் பெயர் இன்ஃபெக்‌ஷன், தொற்று. காவல்காரர்கள் ஓடிவந்து அந்த இடத்தில் கூட்டமாக நிற்கிறார்களே, அங்கே சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அதற்குப் பெயர் இன்ஃப்ளமேஷன், அழற்சி. ஆக, வீக்கம் என்பது கள்ளன் செய்த வேலை மட்டும் அல்ல, பாதி நம் ஆள் செய்தது.

கள்ளன் வந்தான் என்று காவல்காரருக்கு எப்படித் தெரிகிறது? அவன் மேலே ஓர் அடையாளம் இருக்கிறது. கட்டம் போட்ட சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்துக்குப் பெயர் ஆன்டிஜென். அந்தச் சட்டைக்காரனைப் பிடிப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்கிற கைவிலங்குக்குப் பெயர் ஆன்டிபாடி. அம்மைக்குச் செய்த விலங்கு காமாலைக்குப் பொருந்தாது. ஒருமுறை செய்துவிட்டால் செய்த விதத்தைக் காவல்காரர் பெரும்பாலும் மறப்பதில்லை. அடுத்த முறை அவன் வந்தால் வேலி தாண்டுவதற்குள் விலங்கு விழும். தடுப்பூசி என்பது என்ன? கள்ளனே வராமல், அவன் சட்டையை மட்டும் கொண்டுவந்து காவல்காரரிடம் காட்டுவது. "இந்தச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான், பார்த்துக்கங்க." ஊசி போட்ட அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் நர்ஸம்மாவைத் திட்டாதீர்கள் தாய்மார்களே. உள்ளே ஒத்திகை நடக்கிறது.

காவல்காரருக்குச் சில சமயம் புத்தி பிசகும். கள்ளனை விட்டுவிட்டுத் தோப்புக்காரரையே பிடித்துக் கட்டிவைப்பார். அதற்குப் பெயர் ஆட்டோ இம்யூன். தன்னுடம்பைத் தானே தாக்குவது. மூட்டுவாதத்திலே ஒரு வகை இப்படி வருவதுதான்.

என்ன சொல்றீங்க? "நம்ம விவசாயிகள் சங்கம் மாதிரி"யா? அதை நான் சொல்லவில்லை. சொன்னவர் பச்சைத் துண்டு போட்டிருக்கிறார், சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருகிறேன் நம் சொல்லுக்கு. அலர்ஜி. தமிழிலே ஒவ்வாமை. இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டை இந்த ஊர் அறியும், ஆனால் முழுசாக அறியாது. முழுசாகச் சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தட்டு நிறைய வறுத்த முந்திரி வைத்தார்கள். நான் பணிவாக, "எனக்கு முந்திரி அலர்ஜிங்க" என்றேன். அவ்வளவுதான். மாமா மெல்ல என் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்ப பொண்ணு பிடிக்கலையாக்கும்?" என்றார். பெண்ணுக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று என் அப்பா விழித்தார். எங்கள் கீரனூரில் சம்பந்தம் இல்லைதான். இந்த ஊரிலே உண்டு. இங்கே ஒரு வீட்டுத் தோப்புப் பருப்பை வேண்டாம் என்று தள்ளினால் அந்த வீட்டையே வேண்டாம் என்று தள்ளியதாக அர்த்தம். அன்றைக்கு ராஜலட்சுமி கதவுக்குப் பின்னாலிருந்து, "காபி குடிப்பாரான்னு கேளுங்க" என்று கேட்டிருக்காவிட்டால் நான் இன்றைக்கு உங்கள் ஊர் மாப்பிள்ளை இல்லை.

கல்யாணம் முடிந்தது. மறுவீட்டு விருந்து. அம்மையப்பர்களே, விருந்து என்றால் அது விருந்தா? வடையா, வகைவகையான கூட்டா, நெய் மணக்கும் பொங்கலா, நெஞ்சை நிறைக்கும் பாயசமா? இலை இருந்தது, இடம்தான் இல்லை. நான் உட்காருமுன்பே சொன்னேன், "முந்திரி மட்டும் வேண்டாங்க." உடனே அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் தெரியுமா? புது மாப்பிள்ளை எதை வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டும், மாமியார் வீட்டார் வற்புறுத்தி வைக்கவேண்டும். அதுதானே முறை? வேண்டாம் என்றால் மரியாதை தெரிந்த பிள்ளை. போதும் என்றால் இன்னும் இரண்டு கரண்டி. ஐயோ வேண்டவே வேண்டாம் என்றால் அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். நான் மருத்துவம் பேசினேன், அவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது சமையற்கட்டிலே ஒரு நல்ல மனது யோசித்திருக்கிறது. "கண்ணுல தெரிஞ்சாத்தானே வேண்டாம்பாரு." அந்த நல்ல மனது ஒரு கிண்ணம் பருப்பை வெண்ணெயாக அரைத்துக் குருமாவில் கலந்துவிட்டது. அந்த நல்ல மனது யார் என்று நான் இதுவரை கேட்டதில்லை, இன்றைக்கும் கேட்கமாட்டேன். நாளைக்கு நான் அந்த வீட்டில்தான் சாப்பிடவேண்டும்.

நீங்க ஏன் எல்லாரும் முன்வரிசையைப் பாக்குறீங்க? இங்கிட்டு மேடையைப் பாருங்க.

நான் என்ன செய்தேன்? சாப்பிட்டேன். சாப்பிட்டதோடு நிற்கவில்லை, "குருமா பிரமாதம்" என்றேன். அதோடும் நிற்கவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். இந்த ஊர் விருந்திலே வற்புறுத்தாமல் ஒருவன் வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். உதடு அரித்தது. காது சுட்டது. முகம் சிவந்தது. மாமா பெருமையோடு சொன்னார், "மாப்ளைக்கு வெக்கத்தைப் பாரு." உதடு வீங்கியது. கண் மூடியது. என் மச்சான் உதயசூரியன் அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பிறகு ஒருநாள் என் அம்மாவிடம் காட்டினேன். "இது யாரு, அந்த ஊர் பிரசிடெண்டா?" என்று கேட்டார்கள்.

சிரிப்பு வருகிறது, எனக்கும் வருகிறது. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததில் சிரிப்பு இல்லை. மூச்சு நின்றது. காற்று வெளியே நிறைய இருக்கிறது, எனக்குள் போக வழி இல்லை. ஒரு பக்கம் திருஷ்டி என்று மிளகாயும் உப்பும் சுற்றினார்கள். ஒரு பக்கம் வாழைப்பழம் கொடு என்றார்கள், முழுங்கத்தானே முடியவில்லை. ராஜலட்சுமிதான் "அண்ணே, காரை எடு" என்று கத்தினாள். உதயசூரியன் செல்போனைப் போட்டுவிட்டுக் காரை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என்னைப் பார்த்த கையோடு டாக்டரைக் கூப்பிட, தொடையிலே ஒரு ஊசி விழுந்தது. அட்ரினலின் என்று பெயர். சற்று நேரத்தில் காற்று திரும்பி வந்தது. நான் கண் திறந்தபோது முதலில் கேட்டது டாக்டரின் குரல், "இவர் முந்திரி சாப்பிட்டாரா?" அந்த வராந்தாவில் என் மாமனார் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே ஃபேனைப் பார்த்தார்கள்.

இதற்குப் பெயர்தான் அனாஃபிலாக்சிஸ். சொல்லவே வாய் சுளுக்குகிற சொல், நினைவில் வையுங்கள். அலர்ஜி என்பது பிடிக்காமை அல்ல. பிகு அல்ல. மனசு அல்ல. எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதும் அல்ல, கஷாயம் குடித்து ஏற்றுவதற்கு. நம் காவல்காரர் சோம்பேறியாக இல்லை, அளவுக்கு மீறி விழித்திருக்கிறார். அணில் வருகிறது. அது கள்ளன் அல்ல, பாவம், பழம் கொறிக்க வந்தது. அணிலுக்கும் ஒரு விலங்கு செய்து வைத்திருக்கிறார். ஐ.ஜி.ஈ. என்று அந்த விலங்குக்குப் பெயர். அணில் வால் தெரிந்தவுடன் தண்டோரா, தடி, கூச்சல். தும்மல், தடிப்பு, அரிப்பு என்று நாம் பார்ப்பது அந்தக் கூச்சலைத்தான். அனாஃபிலாக்சிஸ் என்றால், ஒற்றை அணிலை விரட்டுவதற்கு அவர் தோப்புக்கே தீ வைத்துவிட்டார் என்று பொருள். பிரஷர் விழும், மூச்சுக்குழல் சுருங்கும், உயிர் போகும். அணில் பெரிதா சிறிதா என்று அந்தத் தீ பார்க்காது.

கேள்வியா? கேளுங்க. "கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்தாப் பழகிராதா?" நல்ல கேள்வி. அப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது. அதை அதற்கென்று படித்த டாக்டர், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்வார். காதுகுத்து வீட்டில் சித்தப்பா செய்யக்கூடாது.

அங்கே ஒரு தாய் என்ன கேட்கிறார்கள்? "நாங்க காலம்பூராக் கொட்டை உடைக்கிறோம், கைதான் புண்ணாகுது, வேற ஒண்ணும் ஆகலையே?" தாயே, அந்தக் கைப்புண் கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் செய்கிற வேலை, அது வேறு விவகாரம். உங்கள் உடம்பின் காவல்காரர் பருப்போடு பழகிக்கொண்டார். என் உடம்பின் காவல்காரர் பழகவில்லை. உங்களுக்கு அது சோறு. எனக்கு அது நஞ்சு. இரண்டும் உண்மை.

இனி என் மகள். மூன்று வயது. போன தை மாதம் நம் ஊர்க் கடையில் ஒரு அண்ணன் ஆசையாக மிட்டாய்க் கட்டி ஒன்றைக் கிள்ளி அவள் வாயில் வைத்தார். அவர் மீது தப்பில்லை. பிள்ளையைக் கண்டால் வாயில் எதையாவது வைக்காமல் நம் கை சும்மா இருக்காது. வீடு வருவதற்குள் அவள் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. என் முகத்தில் ஏறிய அதே சிவப்பு அவள் முகத்தில் ஏறியதைப் பார்த்தேன். எனக்கு வந்தபோது எனக்கு மூச்சுத்தான் நின்றது. அவளைப் பார்த்தபோது எனக்கு எல்லாமே நின்றுவிட்டது. டாக்டர் காப்பாற்றினார், பரிசோதித்தார், முந்திரிதான் என்றார். அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம், பருப்பு பட்ட கரண்டிகூட வேண்டாம் என்றார்.

அன்புக்குரியவர்களே, நாளைக்கு என்ன கேட்கிறேன்? தோப்பை வெட்டச் சொன்னேனா? பந்தியிலே பருப்பே கூடாது என்றேனா? தாய்மாமன் உரிமையைத் தள்ளி வைக்கச் சொன்னேனா? மடி அவர் மடிதான். கை அவர் கைதான். அந்தக் கையில் பருப்புக்குப் பதில் ஒரு துண்டு கற்கண்டு இருக்கட்டும் என்கிறேன். முந்திரி தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என் பிள்ளையைத் தூக்குங்கள் என்கிறேன். வெறும் தண்ணீரில் நனைத்தால் போகாது. வேண்டாம் என்று அவள் அப்பன் சொன்னால் அது மாப்பிள்ளை மரியாதை அல்ல, அது அவள் உயிர் என்கிறேன். வழக்கம் பிள்ளைக்காக வந்ததா, பிள்ளை வழக்கத்துக்காக வந்ததா? முதல் பருப்பை ஏன் வைக்கிறோம்? பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று வைக்கிறோம். நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகவே வைக்காமல் விட்டால், அம்மன் கோபித்துக்கொள்வாளா? மாரியம்மனுக்குத் தெரியாத ஒவ்வாமையா?

எல்லாரையும் கேட்டுவிட்டேன். கேட்கவேண்டியவர் ஒருவர் பாக்கி. மாமா, "பார்ப்போம்" என்றீர்கள். இன்னும் ஒரு ராத்திரிதான் இருக்கிறது. ஊர் முன்னால் கேட்கிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலே கேட்டால் சாப்பிடச் சொல்கிறீர்கள்.

ராஜி, பிள்ளையைப் பிடி. மேடைக்கு ஏறுகிறாள் பார். அவள் தாத்தாவைக் கண்டால் நிற்கமாட்டாள், ஓடிப்போய் மடியில் ஏறுவாள், அது தினமும் நடப்பதுதான். பாப்பா, அங்கே போகாதே, தாத்தா கழுத்தில்...

இருங்கள். ஒரு நிமிடம். யாரும் பேசாதீர்கள்.

பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். மாமா எழுந்துவிட்டார். "அங்கனயே நில்லு ஆத்தா, வராத" என்று பிள்ளையைக் கையமர்த்துகிறார். மாலையைக் கழற்றுகிறார். விழாக்குழுத் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். என்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார். எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, இரண்டு இருக்கிறது. மேடை ஓரத்தில் குனிந்து கை கழுவுகிறார். நிறுத்திவிட்டார். கையைப் பார்க்கிறார். என்ன மாமா?

மைக்கில் விழுந்ததா? விழாதவர்களுக்குச் சொல்கிறேன். "ஜெரால்டு, வெறுந்தண்ணி பத்தாதாம்ல. ஒன் சோப்பைக் குடு" என்கிறார்.

ஜெரால்டு ஓடிவருகிறார். ஜெனரேட்டர் மசகு போன சோப்பு. முந்திரியும் போகும். முழங்கை வரைக்கும் தேய்க்கிறார் மாமா. கழுத்தையும் தேய்க்கிறார். சட்டை நனைகிறது, பரவாயில்லை. சட்டையிலும் மாலை பட்டிருக்குமே என்று இப்போது சட்டையையே கழற்றிவிட்டார். ஊர்ப் பெரிய தோப்புக்காரர், தலைமை தாங்க வந்தவர், ஈரத் தோளும் வெறும் துண்டுமாக நிற்கிறார். இப்போதுதான் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்.

தூக்கிவிட்டார்.

எனக்குத் தொண்டை அடைக்கிறது. பயப்படாதீர்கள், இது முந்திரியால் அல்ல.

என்னங்க மாமா? மைக்கைக் கொண்டு வரவா? வேண்டாமாம், நானே சொல்லவேண்டுமாம். "உதயா, காலையில கற்கண்டு வாங்கிட்டு வந்துரு. பெரிய கட்டியா வாங்கு, எம்பேத்திக்கு." உதயசூரியா, காதில் விழுந்ததா? கையைத் தூக்குகிறான். சரி.

அத்தை எழுந்து நிற்கிறார்களே, என்ன அத்தை? சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்கிறேன். "கரண்டி, மிக்சி, அண்டா எல்லாம் மத்தியானமே சோப்புப் போட்டுக் கழுவி வெச்சுட்டேன் மாப்ள. பிள்ளைக்குத் தனிச் சமையல். குருமா கிடையாது."

ஏன் அத்தை குருமா கிடையாது என்று நான் கேட்கவில்லை. ஊரும் கேட்கவேண்டாம்.

என் வழக்கு முடிந்தது. வாதாடியவன் நான், தீர்ப்புச் சொன்னது சோப்பு. எனக்குச் சொல் தந்த இளைஞர் மன்றத்துக்கும், செவி தந்த தாய்மார்களுக்கும், குறுக்குக் கேள்வி தந்த பச்சைத் துண்டுக்காரருக்கும், சமயத்தில் சோப்புத் தந்த ஜெரால்டுக்கும், பிள்ளையை இறக்கிவிட மனமில்லாமல் நின்றுகொண்டே தலைமை தாங்கும் என் மாமா ரெங்கசாமி அவர்களுக்கும் என் நன்றியை நெஞ்சாரச் சொல்கிறேன். நாளைக் காலை எல்லாரும் குடும்பத்தோடு வாருங்கள். பந்தலின் வாசலில் சந்தனம் இருக்கும், கற்கண்டு இருக்கும், பக்கத்திலே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு புது சோப்பும் இருக்கும். கையைக் கழுவி, சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, என் மகளை வாழ்த்துங்கள். வணக்கம்.